டிஃப்ரன்ஷியல் எண்ணெயை வீட்டிலேயே மாற்றலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

எஞ்சினுக்கு மின்யாக் ஹீத்தாம் மாற்ற நாள் தவறாதவர்களும் பின் அச்சில் ஓர் எண்ணெய் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தில், பிறையில் எங்கள் தாமான் சாலையைக் கடக்கும்போது அப்பாவின் பிக்கப் பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் இறங்கியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி நன்றாகவே ஓடியது. மூன்று வாரம் கழித்து டிஃப்ரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) எண்ணெயை வடித்துப் பார்த்தால், தே தாரிக் நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர்!

காரணம் எளிது. ஓடி வந்த வண்டியில் டிஃப்ரன்ஷியல் சூடாக இருக்கும். அது திடீரென்று தண்ணீரில் முழுகினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு, மேனுவலில் (வண்டியின் கையேட்டில்) போட்டிருக்கும் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பிக்கப் போன்ற பின்சக்கர ஓட்ட வண்டிகளில், பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருப்பதுதான் டிஃப்ரன்ஷியல். அதற்குத் தனி எண்ணெய். மைவி, சாகா மாதிரி முன்சக்கர ஓட்டக் கார்களில் கியர்பாக்ஸும் டிஃப்ரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். மேனுவல் கியர் என்றால் இரண்டுக்கும் ஒரே எண்ணெய், மாற்றும் முறையும் கிட்டத்தட்ட இதேதான். ஆட்டோ கியர், சிவிடி வண்டிகளை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றின் எண்ணெய் வேறு, பலவற்றில் எண்ணெயின் சூட்டைப் பார்த்துத்தான் அளவு பிடிக்க வேண்டும்.

எண்ணெய் வாங்கும்போது 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தர வகையையும் படியுங்கள். பின் அச்சில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடியே சுற்றுவதால் அங்கே ஜிஎல்-5 தேவை. ஆனால் அதில் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்மானம், மேனுவல் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 மட்டுமே ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் என்பதையும் மேனுவலில் பார்த்துவிட்டு, நட்டுகளுக்குப் புது வாஷர் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் எண்ணெய் இளகி வேகமாக வடியும். கொதிக்கும் சூடு வேண்டாம், கை வெந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பிக்கப் உயரமானது, தூக்காமலே அடியில் நுழையலாம். காரைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு மூலையிலும் ஜாக்கி ஸ்டாண்ட் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

இப்போது அடியில் இரண்டு நட்டுகள் தெரியும். மேலே இருப்பது எண்ணெய் ஊற்ற, கீழே இருப்பது வடிக்க. மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்து அசையவில்லை என்றால், எண்ணெய் இல்லாத வண்டி வாசலில் நிற்கும், பட்டறைக்குக்கூட ஓட்டிப் போக முடியாது. நட்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அளவு சரியாகப் பொருந்தும் சாக்கெட்டைப் போட்டுத் திருகுங்கள். தொளதொளப்பான ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும்.

மேல் நட்டு கழன்றதும் தட்டை வைத்துக் கீழ் நட்டைத் திறங்கள். கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வடிகிற எண்ணெயை நின்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் புது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள், பிரீதரையும் சீலையும் சோதியுங்கள். நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம். விரலில் தட்டுப்படும் இரும்புத் துண்டோ உடைந்த பல்லோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் தொடர வேண்டாம்.

சொட்டுவது நின்றதும் காந்தத்தைத் துடைத்து, புது வாஷரோடு கீழ் நட்டை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். அலுமினியக் கூட்டில் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும். பிறகு கைப்பம்பின் குழாயை மேல் ஓட்டைக்குள் விட்டு, எண்ணெய் ஓட்டையின் விளிம்பு வரை வந்து மெல்ல வழியும் வரை ஏற்றுங்கள். வழிவது நின்றதும் மேல் நட்டையும் மூடலாம்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. 5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலில் பிடித்து மூடி, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருந்தால் நட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.