பழைய போனோகிராஃப்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இசைத்தட்டையோ மெழுகு உருளையையோ சாவி கொடுத்துப் பாட வைக்கும் பழைய போனோகிராஃப் ஒன்று கைக்கு வந்தவுடன் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி அன்றைக்கே பாட வைத்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். அந்த ஆசையைச் சில நாட்கள் அடக்கி வைப்பதே முதல் வேலை. எந்தத் திருகையும் கழற்றுவதற்கு முன்பு கருவியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து, வரிசை எண்ணையும் காப்புரிமைத் தகட்டில் உள்ள எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு பகுதியையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்டதா, அல்லது கருவி உள்ள வரை இருப்பதற்காகச் செய்யப்பட்டதா? எஃகு ஊசி, ரப்பர் கேஸ்கெட், தோல் பட்டை, உராய்வுத் திண்டு, கிரீஸ் ஆகியவை முதல் வகை. எஃகு ஊசியை இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும் என்பது தயாரித்தவர்களே சொன்ன விதி. ஆகவே இவற்றைப் புதிதாக்குவதால் கருவியின் அசல்தன்மை சிறிதும் குறைவதில்லை. பெட்டியின் அரக்கு மெருகு, முகப்பில் உள்ள எழுத்துச் சித்திரம், கறுப்பு எனாமலின் மேல் இழுத்த பொன்னிறக் கோடுகள், நிக்கல் பூச்சு, தகடுகள் ஆகியவை இரண்டாம் வகை. இவை ஒருமுறை போனால் போனவைதான். அதே இடத்தில் புதிதாகச் செய்வது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நகல்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது ஓர் இழப்பின் மூலம். தொடக்க காலத்தில் எடிசன் ஸ்டாண்டர்ட் என்ற உருளைப் போனோகிராஃப் ஒன்றின் ஓக் மரப்பெட்டியில் படிந்திருந்த கரிய அழுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். அழுக்கு வந்தது, அதோடு அரக்கும் இளகி வந்தது, நான்காவது இழுப்பில் முகப்பில் இருந்த எடிசன் பெயரின் பாதி எழுத்துகள் துணியில் ஒட்டிக்கொண்டன. நூறாண்டுகளாகத் தப்பிப் பிழைத்த அந்த எழுத்தை அரை நிமிடத்தில் அழித்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

எனவே மரத்தைத் தொடும் முன்பு, பெட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். அந்த இடம் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. அந்தப் பெட்டியின் அருகில் ஸ்பிரிட்டோ அமோனியா கலந்த திரவமோ வரவே கூடாது. ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்த மெல்லிய துணியால் தூசியை எடுத்து, நன்கு உலர்ந்த பிறகு நல்ல மெழுகை மிக மெல்லியதாகத் தேய்த்தால் போதும். எழுத்துச் சித்திரம் உள்ள இடத்தைத் துடைக்காமல் தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். நிக்கல் பூசிய உலோகத்துக்கு உலோகப் பாலிஷ் போட வேண்டாம். பூச்சு மெல்லியது, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அடியிலுள்ள உலோகம் மேலே வரும்.

இயந்திரப் பகுதிக்கு வரும்போது என் நிலைப்பாடு மாறுகிறது, ஏனெனில் இங்கே எதையும் செய்யாமல் விடுவதே கருவியைக் கெடுக்கும். சாவி கொடுத்து ஓடவிட்டால் உள்ளிருந்து அவ்வப்போது ‘டப்’ என்று குதிக்கும் ஓசை வருகிறதா? மெயின் ஸ்பிரிங்கின் சுற்றுகள் இறுகிப்போன பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென்று விடுபடுவதால் வரும் ஓசை அது. அந்த அதிர்ச்சி பற்சக்கரங்களையும் தாக்கும் என்பதால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ் இட வேண்டும். சாவியின் விசை முழுவதும் தீர்ந்த பிறகே ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பீப்பாயைத் திறக்க வேண்டும்; தீர்ந்த பிறகும் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்குக்குக் கையைக் கிழிக்கும் வலு இருக்கும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து ஒவ்வொரு சுற்றாக விடுவியுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. ஸ்பிரிங்கின் நுனித் துளை மட்டும் முறிந்திருந்தால் அந்த நுனியைச் சூடாக்கி மென்மையாக்கிப் புதுத் துளை இடலாம். நடுவில் முறிந்திருந்தால் அகலம், கனம், நீளம் மூன்றையும் அளந்து புதியது வாங்குங்கள்.

வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் பெரும்பாலும் மூன்று எடைகள் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகளில் தொங்கும். அவற்றில் ஒன்று முறிந்தாலும் சுழற்சி தடுமாறிப் பாட்டு அலையும். முறிந்ததை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரே கனத்தில் மாற்றினால்தான் சமநிலை வரும்.

ஒலியைத் தீர்மானிப்பது, ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸ். அதைத் திறந்தால் மைக்கா தகட்டின் இருபுறமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையங்கள் தெரியும். பழையவற்றில் அந்த ரப்பர் நகத்தால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்குக் கல்லாகியிருக்கும். உரத்த இடங்களில் குரல் கிழிவதற்கு அதுவே காரணம். மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, அதே தடிமனில் மென்மையான புதுக் குழாயை இரு முனைகளும் இழுபடாமல் சந்திக்கும்படி வெட்டிப் பொருத்துங்கள். ஊசியையும் மைக்காவையும் இணைக்கும் ஊசித் தண்டு மைக்காவின் நடுவைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அதை மைக்காவோடு பிணைக்கும் சின்னத் திருகை இறுக்கும்போது தகடு சிறிதும் வளையாமல் இருக்க வேண்டும். பிறகு திருகின் மேல் ஒரு துளி தேன்மெழுகு. விரிசல் இல்லாத பழைய மைக்காவை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

1925இல் வெளிவந்த, விக்டர் நிறுவனத்தின் ஆர்த்தோபோனிக் வகை சவுண்டு பாக்ஸ்கள் வேறு விதம். அவற்றின் தகடு அலுமினியக் கலவை. கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்த வார்ப்பு காலப்போக்கில் தானே உப்பி வெடிக்கும். நெம்பினால் பொடியாகிவிடும் என்பதால், விரிசல் தெரிந்தால் அதைக் கழற்றாமல் அப்படியே காட்சிக்கு வைத்துவிட்டு, பாட வைப்பதற்கு இன்னொன்றைப் பயன்படுத்துங்கள்.

அசல் என்பதே எதைக் குறிக்கிறது என்ற சிக்கல் உருளைக் கருவிகளில்தான் கூர்மையாக எழுகிறது. எடிசன் 1908இல் நான்கு நிமிட ஆம்பரால் உருளைகளைக் கொண்டுவந்தபோது, அதுவரை விற்ற இரண்டு நிமிடக் கருவிகளில் அவற்றையும் ஓட்டுவதற்கான பற்சக்கரம் முதலிய மாற்றுப் பாகங்களும் விற்பனைக்கு வந்தன. அப்படி மாற்றப்பட்ட கருவியை ‘அசலாக்குகிறேன்’ என்று சொல்லி அந்தப் பற்சக்கரங்களைக் கழற்றுவது என் பார்வையில் தவறு. முதல் உரிமையாளர் புதுப் பாட்டுகளைக் கேட்பதற்காகச் செய்த அந்த மாற்றமும் கருவியின் வரலாறுதான். ஆனால் எந்த உருளைக்கு எந்த ரீப்ரொடியூசர் (உருளைக் கருவியின் சவுண்டு பாக்ஸ்) என்பதில் கவனம் தேவை: சி மாடல் இரண்டு நிமிடத்துக்கு, எச் மாடல் நான்கு நிமிடத்துக்கு, கே மாடலில் இரண்டுக்கும் தனித்தனி முனை. தவறான முனையை வைத்தால் மெழுகில் உள்ள பள்ளம் சிதைந்துவிடும்.

தொலைந்த கொம்புக் குழலுக்கோ கைப்பிடிக்கோ புதிதாகச் செய்ததைப் பொருத்துவதில் தவறில்லை. அதைப் பழையதுபோல் காட்டுவதற்காகக் கறை ஏற்றுவதும், வேறொரு கருவியின் எண் தகட்டைப் பெயர்த்து ஒட்டுவதும் ஏமாற்று. புதுப் பாகத்தின் உட்புறத்தில் பொருத்திய ஆண்டைச் சிறிதாகப் பொறித்துவிடுங்கள். புதுப் பாகம் பொருத்துவதற்காகப் பழைய உலோகத்தில் துளை போட வேண்டாம். பழைய திருகுகளின் புரிகள் இன்றைய அளவுகளோடு ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு என்பதால், ஒவ்வொரு திருகும் வந்த இடத்துக்கே திரும்பட்டும். கழற்றிய முறிந்த ஸ்பிரிங்கையும் கல்லான ரப்பரையும்கூட ஓர் உறையில் இட்டு, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அடியில் வைத்து மூடுங்கள்.