காரில் கருகல் வாடை: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர் இறக்கத்தில் இரட்டைப் பாலத்தைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "ஏம்பா, என்னமோ கருகுதே, உனக்கு வாடை வரல?" முன்னால் போகிற லாரியோட பிரேக்கும்மா என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வாடை குறையவில்லை. அது நம்ம வண்டியின் பிரேக்.

கண்ணாடியை ஏற்றி, ஏசியில் வெளிக்காற்று வராமல் மூடியதும் வாடை போய்விட்டால் அது பெரும்பாலும் அடுத்தவர் வண்டி. போகவில்லையா, ஓரங்கட்டுங்கள். வளைவில் நிற்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி, ஹஸார்டு விளக்கைப் போடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, இது வயர் கருகும் வாடையா என்பது. பிளாஸ்டிக் பொசுங்குகிற காரமான நெடி, டேஷ்போர்டு பக்கம் லேசான புகை என்றால் வேறு எதையும் யோசிக்காமல் சாவியை அணைத்து எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பானெட் இடுக்கில் புகை வந்தால் பானெட்டை அகலத் திறக்காதீர்கள். காற்று பட்டால் தீ எழும்பும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, தீ என்றால் 112. புகை இல்லாமல் நெடி மட்டும் என்றால், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர்தான் மாற்ற வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். நீலம் இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் கருகும். எலி கடித்த வயரும் வெளியே வாங்கிப் பூட்டிய ஹாரனும்தான் இதில் வழக்கமான குற்றவாளிகள்.

வயர் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள்: வாடை எப்போது வந்தது? என்னைக் கேட்டால், வாடை எந்த ரகம் என்பதைவிட இதுதான் அதிகம் சொல்லும்.

இறக்கத்தில் வந்ததா? சக்கரங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடக் கூடாது, நாலு விரற்கடை தள்ளியே அனல் தெரியும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சுடுவது இயல்பு. இடதையும் வலதையும்தான் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கொதித்தால் தப்பு நம் காலில்: இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்திருக்கிறோம். அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) கோணிப்போகும். அப்புறம் இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று லாரிக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக்கை இறக்கினோமா என்று ஒரு முறை பாருங்கள். (சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு தடவையாவது செய்தது.) எனக்கு அன்று இடது முன்சக்கரம்.

ஏற்றத்தில், அல்லது டோல்கேட் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது வந்த வாடை என்றால் கிளட்ச். தீய்ந்த காகிதம் மாதிரி இருக்கும். அரை கிளட்சில், அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடி, வண்டியை நிறுத்திப் பிடித்ததன் விளைவு. கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள். மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லையா, கிளட்ச் பிளேட் முடிந்தது.

கிராமத்து ரோட்டில் வந்த வாடை நம் பக்கத்துக்கே உரியது. அறுவடைக் காலத்தில் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி, வண்டிகள் ஏறி உதிர்க்கட்டும் என்று விடுவார்கள். அந்தக் கதிர்த்தாள் ஆக்சிலில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சுருட்டிக்கொண்டு, கொதிக்கிற சைலன்சர் குழாயில் உரசித் தீப்பிடிக்கும். கூடுமானவரை அதன்மேல் ஏற்றாதீர்கள். ஏற்ற நேர்ந்தால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பாருங்கள். புகையவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, ஒரு குச்சியால் இழுத்து எடுங்கள். பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தால் ஆறிய பிறகு சுரண்டினால் போதும்.

இவை எதுவும் இல்லையென்றால், இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறங்கள். எண்ணெய் கருகும் வாடை என்றால் டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) ஓரத்தில் ஈரம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் கசியாமல் அடைக்கிற பேக்கிங் போயிருக்கும். சர்வீஸ் முடிந்த மறுநாள் என்றால் ஊற்றும்போது சிந்திய ஆயிலாகவும் இருக்கலாம், ஓரிரு நாளில் போய்விடும். ரப்பர் வாடையோடு கீச்சென்ற சத்தம் என்றால் பெல்ட். தித்திப்பான வாடை என்றால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. டப்பாவில் அளவைப் பாருங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

மெக்கானிக்கிடம் "வாடை வருது" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரிப்பார். நான் "தொப்பூர் இறக்கத்துல, இடது முன்சக்கரம் மட்டும்" என்றேன். பத்து நிமிடத்தில் வீலைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் (தேய்மானக் கட்டைகள்) கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு பேட் பாதி மிச்சம், மறுபக்கத்துப் பேட் தகடு வரை தேய்ந்திருந்தது.