ஸ்பீடி காட்டிய திசை: பேரிடர் கணினிகளை வைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகள்

2011 மார்ச் 11. சுனாமி அடித்ததில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது. இப்படியொரு நாளுக்காகவே 1980களிலிருந்து ஜப்பான் வளர்த்துவந்த மென்பொருள் ஒன்று இருந்தது. பெயர் ஸ்பீடி. உலையிலிருந்து வெளியேறும் கதிரியக்கத்தின் அளவு, காற்றின் போக்கு, மழை, மலைகளின் அமைப்பு எல்லாவற்றையும் கொடுத்தால், கதிர்வீச்சு எந்தப் பக்கம் போகும் என்று வரைபடம் போட்டுத் தரும். அதிகாரிகள் முடிவெடுக்க உதவும் அமைப்பு என்றால் இதுதான்.

மின்சாரம் போனதோடு உலையிலிருந்து வரவேண்டிய தகவலும் நின்றது. வெளியேற்றம் எவ்வளவு என்றே தெரியாது. அதனால் மணிக்கு 1 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்கை ஓட்டினார்கள். அப்படி ஓட்டினால் அளவு கிடைக்காது, திசை கிடைக்கும். ஆனால் அளவில்லாத படத்தை நம்பி மக்களை நகர்த்த முடியாது என்று மேலிடம் அதை ஒதுக்கிவைத்தது. மாகாண அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வந்த கணிப்புகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டே போனது.

அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த நாமியே ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கே சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். 15ஆம் தேதி காற்றும் வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத்தை அந்தப் பக்கத்து மண்ணிலேயே இறக்கின. ஸ்பீடி படம் பொதுமக்கள் கண்ணில் பட்டது மார்ச் 23 அன்று.

தகவல் முழுசாக வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. பேரிடர் அன்று தகவல் அரைகுறையாகத்தான் வரும். சென்சாருக்கும் அதே மின்கம்பியில்தானே மின்சாரம். பாதித் தகவலை வைத்து எந்த முடிவை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, அந்தப் படம் யார் கைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத அமைப்பு, ஒத்திகை நாளில் மட்டுமே வேலை செய்யும்.

2014இல் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், மக்களை வெளியேற்றும் முடிவுகளுக்கு இனி ஸ்பீடியைப் பயன்படுத்துவதில்லை, அளந்து பார்த்த கதிர்வீச்சையே நம்புவோம் என்று தீர்மானித்தது. கணிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஆபத்துதான், அதனால் அந்தத் தீர்மானத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. கருவி அளந்து சொல்வது ஏற்கெனவே வந்து இறங்கியதை. பேருந்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஓட்டுநர் கேட்பது அதற்கு முன்பே.

அடுத்த தவறு நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2017 நவம்பர் 30 காலை ஒக்கி, புயலாக வலுத்தது. முந்தைய நாள்தான் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களோ பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். அத்தனை தூரத்தில் செல்போனுக்கு சிக்னல் ஏது? படகு வயர்லெஸ்ஸும் கரைவரை எட்டாது. எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது. செயற்கைக்கோள் வழியாகப் படகிலிருக்கும் போனுக்குச் செய்தி சேர்க்கும் ஜெமினி கருவி அறிமுகமானது 2019இல். அதுவும் ஒருவழிப் பாதைதான். செய்தி போகும், படகுக்காரர் பதில் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைக்குச் செலவழிக்கும்போது, கடைசி ஆள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மூன்றாவது, சிறிய விஷயம் போலத் தெரியும். 2018 ஜனவரி 13 காலை 8:07க்கு ஹவாயில் எல்லோர் போனிலும் ஏவுகணை வருகிறது என்று எச்சரிக்கை போனது. ஏவுகணை எதுவும் வரவில்லை. ஒரே ஊழியர், இரண்டாமவர் ஒப்புதல் இல்லாமலே அனுப்பக்கூடிய ஏற்பாடு அது. அதைவிட மோசம், தவறு என்று உடனே தெரிந்த பிறகும் மறுப்புச் செய்தி போன்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. ரத்து செய்வதற்கான வாசகம் அமைப்பில் தயாராகவே இல்லை. அந்த 38 நிமிடத்தில் பெற்றோர் பிள்ளைகளைக் குளியல்தொட்டிக்குள் படுக்கவைத்தார்கள்.

உங்கள் ஊரிலோ நிறுவனத்திலோ புதிய அமைப்பைத் திறந்துவைக்கும்போது வரைபடங்களைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, தவறாகப் போன எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் செய்தியை ஒரு தடவை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.