3-0 என்றதும் துள்ளாதீர்கள், 0-6 என்றதும் துவளாதீர்கள்

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் நடந்த நட்பு கால்பந்து ஆட்டத்தில் (கோப்பைக்கோ தகுதிக்கோ கணக்கில் வராத ஆட்டம்) இந்தியா மாலத்தீவை 3-0 என்று ஜெயித்தது. அந்த ஞாயிறு காலை வேலூர் கோட்டை மைதானத்தில் எங்களோடு பந்து ஆடும் பையன்களுக்கு அதே பேச்சுதான். "பங்களாதேஷ் எல்லாம் அல்வா சாப்பிடுற மாதிரிண்ணா" என்றான் ஒருவன். செவ்வாய்க்கிழமை அதே ஷில்லாங்கில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், பங்களாதேஷோடு 0-0. இப்போது அதே பையன்கள் கோச்சைத் திட்டினார்கள்.

நட்பு ஆட்டத்தின் முடிவை எடைபோடும்போது, கோல் எப்படி வந்தது என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. மாலத்தீவுக்கு எதிரான மூன்று கோலும் தலையால் முட்டியவை. அதில் இரண்டு கார்னரிலிருந்து வந்தவை. நெருக்கமாக நிற்கும் டிஃபன்ஸைப் பாஸ் கோத்துப் பிரிக்க நம்மால் முடியுமா என்ற கேள்விக்கு அந்த 3-0-வில் பதில் இல்லை.

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் தரவரிசையை மட்டும் நம்புவதும் ஆபத்து. பங்களாதேஷ் அப்போது 185-வது இடம், நாம் 126. ஆனால் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் ஆடிய ஹம்சா சௌத்ரி அன்றுதான் முதல்முறையாக அவர்களுக்காக இறங்கினார். பழைய ஆட்டங்களை வைத்துப் போட்ட தரவரிசைக்கு அவரைத் தெரியாது.

கோச் எதைச் சோதிக்கிறார் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். 2021 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு மாதம் சர்வதேச ஆட்டமே இல்லாமல் இருந்த அணி. கொரோனாவால் கேப்டன் சேத்ரி இல்லை. துபாயில் ஓமனுக்கு எதிராக அப்போதைய கோச் ஸ்டிமாச் ஒரே ஆட்டத்தில் பத்துப் புதுமுகங்களை இறக்கி 1-1 என்று முடித்தார். நான்கு நாள் கழித்து அமீரகத்திடம் 0-6. எல்லாம் முடிந்துபோனது என்று புலம்பாதவர் இல்லை. அந்த ஜூனிலேயே, தோஹாவில், கத்தாரிடம் 0-1 என்று மட்டும் தோற்று, பங்களாதேஷை 2-0 என்று ஜெயித்து, ஆப்கானிஸ்தானோடு 1-1 என்று முடித்து, ஆசியக் கோப்பைத் தகுதியின் அடுத்த கட்டத்துக்குப் போனோம். 0-6 வலித்தது உண்மை. ஆனால் அது ஒரு பரிசோதனையின் விலை.

தரவரிசைப் புள்ளி போய்விடுமே என்ற பயமும் கொஞ்சம் அதிகம்தான். ஃபிஃபா கணக்கில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தின் எடை (முடிவால் ஏறி இறங்கும் புள்ளியைப் பெருக்கும் எண்) 25. நட்பு ஆட்டத்துக்கு 10, சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே என்றால் வெறும் 5.

அப்புறம், 90 நிமிஷத்தையும் ஒரே ஆட்டமாக எண்ணாதீர்கள். நட்பு ஆட்டத்தில் மாற்று வீரர்கள் வரிசையாக இறங்குவார்கள். கடைசி அரை மணி நேரம் மைதானத்தில் இருப்பது வேறு அணி. யார் எத்தனையாவது நிமிஷம் இறங்கினார் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துவைப்பது என் பழக்கம். கோல் விழுந்தபோது யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று தெரியாமல் டிஃபன்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

40 வயதில் ஓய்விலிருந்து திரும்பி வந்து சேத்ரி அந்த மாலத்தீவு ஆட்டத்தில் கோல் போட்டபோது நானும் கத்தினேன். ஆனால் அவருக்கு அப்புறம் ஒன்பதாம் நம்பர் இடத்தில், அதாவது முன்னால் நின்று கோல் போடும் இடத்தில், யார் என்ற கேள்வி அன்றிரவும் அப்படியே இருந்தது.