ஹோம் தியேட்டர் இரைச்சல்: காரணம் கேபிள் டிவி ஒயர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கென, பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் அமைந்த 5.1 ஹோம் தியேட்டர் ஒன்றை வாங்கினேன். முதல் நாளிலிருந்தே, தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் இரைச்சல்; ஒலியைப் பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் அது அடங்கவில்லை. ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றியும், வேறு பிளக் பாயிண்டில் செருகியும் பயனில்லை. ஜங்ஷன் பக்கம் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றால், அங்கே ஒரு மணி நேரம் ஓடியும் இரைச்சலே எழவில்லை.

ஐந்தாம் நாள், ஒட்டடை அடிப்பதற்காக டிவியை நகர்த்தியபோது, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் ஒயர் கழன்றது. அந்த நொடியே இரைச்சல் நின்றது. பாக்ஸை அணைத்தபோதும் சத்தம் தொடர்ந்ததால், அதுவரை அதைச் சந்தேகிக்கவே இல்லை. தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் உலோக வெளிப் பின்னலுக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், பாக்ஸையும் ஹோம் தியேட்டரையும் இணைக்கும் ஒயர்களின் உலோக உறை வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஸ்பீக்கரில் கேட்கும்.

சிலர் பிளக்கின் எர்த் பின்னையே நீக்கிவிடுகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யக் கூடாது. நான் கேபிள் ஒயருக்கும் பாக்ஸுக்கும் நடுவே, விரல் நீளமேயான கால்வனிக் ஐசோலேட்டர் ஒன்றைத் திருகினேன்; டிவி சிக்னலை விட்டுவிட்டு, அந்த மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் சிறு கருவி அது. இரைச்சல் போயிற்று, படமும் கெடவில்லை, பெரிய நிம்மதி.