திமிங்கலம் பாலூட்டிதான், நாம் சொல்லும் காரணங்கள்தாம் தவறு

திமிங்கலம் மீனா, பாலூட்டியா என்று கேட்டால், தொடக்கநிலை மூன்றில் அறிவியல் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூடச் சட்டென்று "பாலூட்டி" என்று சொல்லிவிடும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். குட்டி போடுகிறது, நுரையீரலால் மூச்சுவிடுகிறது, வெப்ப இரத்தம் உடையது என்று மூன்று பதில்கள் வரும். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றில் எதுவும் தனியாக நின்றால் காரணம் ஆகாது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பலர் விடை சரியாக இருந்தால் போதும் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் குட்டி. தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கி வந்து, புட்டு செய்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அந்தப் பால்சுறா முட்டையிடுவதில்லை, குட்டிதான் ஈனுகிறது. அதுவும் முட்டையை வயிற்றுக்குள் வைத்துப் பொரிப்பதோடு நிற்பதில்லை. கருவுக்கும் தாய்க்கும் இடையே நஞ்சுக்கொடியைப் போன்ற இணைப்பு உருவாகி, அதன் வழியாகவே ஊட்டம் போகிறது. இத்தனையும் செய்கிற சுறா ஒரு சொட்டுப் பால் சுரப்பதில்லை. தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று நாம் சமைக்கிற மீனுக்கே பால் கிடையாது! கடலின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் குட்டி போடுவதுதான்; 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது, பொரிந்து வரும் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது. அது பாலூட்டி. ஆகவே 'குட்டி போடுவதால் பாலூட்டி' என்று எழுதும் பிள்ளை, தன்னை அறியாமல் சுறாவை உள்ளே அழைத்துப் பிளாட்டிபஸை வெளியே தள்ளுகிறது.

மூச்சும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் புண் ஆறட்டும் என்று விரால் சாறு வைத்துக் கொடுப்போம். மலாய் அண்டை வீட்டார் அதையே ஹாருவான் என்பார்கள். விராலுக்குச் செவுள் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் காற்றையும் உறிஞ்சியாக வேண்டும். நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத்திணறிச் செத்துப்போகும். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள நுரையீரல் மீன்களுக்கோ உண்மையான நுரையீரலே இருக்கிறது. இவற்றை யாரும் பாலூட்டி என்பதில்லை.

வெப்ப இரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பறவைகளுக்கும் அது உண்டு. சில சூரை மீன்கள் தசைகளைச் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்கின்றன. ஒபா என்ற ஆழ்கடல் மீன் இதயம் உட்பட உடலையே சூடாக வைத்திருக்கிறது என்று 2015இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

அப்படியானால் எதைச் சொல்லலாம்? பாலைச் சொல்லுங்கள். முடியைச் சொல்லுங்கள். நடுக்காதில் உள்ள மூன்று சிற்றெலும்புகளையும், ஒவ்வொரு பக்கமும் ஒற்றை எலும்பால் ஆன கீழ்த்தாடையையும் சொல்லுங்கள். இவை எல்லாம் ஒருசேர இருப்பது பாலூட்டிகளிடம் மட்டுமே; திமிங்கலத்திடம் எல்லாமே இருக்கின்றன. முடியா என்று வியப்பவர்கள் கூனல் திமிங்கலத்தின் தலையைப் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அங்கே தெரியும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு முடியின் வேர்ப்பை. பால் விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு: தண்ணீருக்குள் குட்டி எப்படிக் குடிக்கும், கரைந்துவிடாதா? தாயின் முலைக்காம்பு வயிற்றின் அடியில் ஒரு பிளவுக்குள் மறைந்திருக்கிறது. குட்டி வந்து முட்டியதும் அது வெளியே வருகிறது. தசை இறுகிப் பாலைப் பீய்ச்சுகிறது. நீலத் திமிங்கலத்தின் பாலில் 35 முதல் 50 விழுக்காடு வரை கொழுப்பு. பசும்பாலில் இது ஏறக்குறைய 4 விழுக்காடு. அவ்வளவு கெட்டியான பால் அத்தனை எளிதில் நீரில் கலைந்து போவதில்லை.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்க்க நமக்கு இங்கேயே வசதி இருக்கிறது. 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் எண்ணெய்த் திமிங்கலம் ஒன்று இறந்து மிதந்தது. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டு என்பதால் அதற்கு ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். அதன் எலும்புக்கூடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 2016 முதல் காட்சியில் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெரிய மண்டையோட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு டைனோசர் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். பக்கத் துடுப்பைப் பாருங்கள். வெளியே துடுப்பு, உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, பிறகு வரிசையாக விரல் எலும்புகள். மீனின் துடுப்பில் விரல் கிடையாது. வஞ்சிரத்தின் துடுப்பை அடுத்த முறை துண்டு போடுவதற்கு முன் விரித்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும்.

வாலும் கவனிக்க வேண்டியது. மீனின் வால் செங்குத்தாக நின்று இடம் வலமாக அசைகிறது. திமிங்கலத்தின் வால் படுக்கையாகக் கிடந்து மேலும் கீழுமாக அடிக்கிறது. நாய் நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது அதன் முதுகெலும்பு வளைந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். திமிங்கலம் நீரில் செய்வதும் அதே அசைவுதான். தரையில் ஓடிய மூதாதையின் முதுகு அது.

அந்த மூதாதையின் தடயம் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு காலில் நடந்த திமிங்கலம். அதன் சுற்றத்தைச் சேர்ந்த இண்டோஹையஸ் கிடைத்ததோ காஷ்மீர்ப் பாறைகளில். இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த அந்தப் பாறைகள் அவர் மறைவுக்குப் பின் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரின் கைக்குப் போயின. பூனை அளவே இருந்த, குளம்புள்ள அந்தப் பிராணியின் காதெலும்பில், திமிங்கலங்களுக்கே உரிய தடித்த சுவர் இருப்பது 2007இல் வெளியானது. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. இதுதான் கடைசிக் காரணமும் வலுவான காரணமும்: எந்த வம்சத்தில் வந்தது என்பது. பாலும் முடியும் காதெலும்பும் அந்த வம்சத்தின் அடையாளங்கள்.

வடிவத்தையும் வசிப்பிடத்தையும் வைத்துத் தீர்மானிப்பது பழைய தவறு. பீஷானிலும் காலாங்கிலும் குடும்பம் குடும்பமாகத் திரியும் நீர்நாய்கள் பொழுதெல்லாம் தண்ணீரில் கிடந்து மீனையே தின்கின்றன. காண்டோமினியக் குளத்து அலங்கார மீன்களை அவை காலி செய்யும்போது கோபப்படுகிறோமே தவிர, அவற்றை மீன் என்று எவரும் சொல்வதில்லை. திமிங்கலத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி? பின்னங்கால் வெளியே தெரியவில்லை என்பதுதான்.

'அந்தக் காலத்து மனிதர்கள் விவரம் தெரியாமல் மீன் என்றார்கள்' என்பதும் பாதி உண்மைதான். டால்பின் காற்றைச் சுவாசிக்கிறது, பால் கொடுக்கிறது என்று அரிஸ்டாட்டில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். திமிங்கலத்தை முதலில் மீன்களோடு வைத்த, உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ், 1758இல் வந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஆனாலும் 1818இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. மீன் எண்ணெயைச் சோதித்துக் கட்டணம் வாங்க ஒரு சட்டம் இருந்தது. தம்மிடம் இருப்பது திமிங்கல எண்ணெய், மீன் எண்ணெய் அல்ல என்று வணிகர் சாமுவேல் ஜட் கட்ட மறுத்தார். திமிங்கலம் மீன் அல்ல என்று இயற்கையியலாளர் சாமுவேல் மிட்சில் சாட்சி சொல்லியும், நடுவர் குழு மீன் என்றே தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டாம். 2022இல் கலிஃபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அழியும் உயிரினங்களைக் காக்கும் மாநிலச் சட்டத்தின்படி வண்டுத்தேனீயை 'மீன்' என்ற சொல்லுக்குள் அடக்கலாம் என்றது! சட்டம் தன் தேவைக்காகப் பிரிப்பது வேறு, உயிரியல் பிரிப்பது வேறு. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது வீண்வாதம்.

கொஞ்சம் அதிகமாகப் படித்த பிள்ளைகள் வேறொரு பக்கம் இடறுகிறார்கள். 'பரிணாமப்படி பார்த்தால் நிலத்து விலங்குகள் எல்லாமே மீனிலிருந்து வந்தவை. ஆகவே திமிங்கலமும் மீன்தான்' என்று வாதிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம், அடித்தளமும் உண்மை. நுரையீரல் மீன் வஞ்சிரத்துக்கு உறவு என்பதைவிட மாட்டுக்கு உறவு என்பதே சரி. ஆனால் அந்தக் கணக்கில் மாடும் மீன், கோழியும் மீன், வாதிடுபவரும் மீன். 'மீன்' என்பது ஒரு முழு வம்சத்தின் பெயர் அல்ல; செவுளும் துடுப்பும் உள்ள பலவற்றுக்கு நாம் சேர்த்து வைத்த பொதுப்பெயர். 'பாலூட்டி' என்பதோ ஒரே மூதாதையிலிருந்து வந்த முழு வம்சம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இதுவா அதுவா' என்று கேட்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

படம் வரையும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: திமிங்கலத்தின் தலையிலிருந்து எழுவது கடல்நீர் ஊற்று அல்ல. வெளிவிடும் வெப்ப மூச்சின் ஈரம் குளிர்ந்து தெரிகிறது, அவ்வளவுதான்.

கடலில் வாழும் பாலூட்டிகளை எல்லாம் ஒரே குடும்பமாக்குவதும் வேண்டாம். உபின் தீவின் செக் ஜாவாவில் கடற்புல்லை மேய்ந்து தடம் விட்டுப்போகும் ஆவுளியாவுக்கு (டுகோங்) திமிங்கலத்தைப் போலவே படுத்த வால் உண்டு, ஆனால் அதன் உறவு யானையோடு. கடல்நாய் கரடி, நாய் வகைகளின் பக்கம். மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் கடலுக்குள் இறங்கியவை.