வண்டியை எண்ணிப் போட்ட ரோடு

தார்க் கலவை ஆறிப்போனது, ரோலர் ஓட்டம் பத்தவில்லை என்பதையெல்லாம் சைட் மேஸ்திரியே சொல்லிவிடுவார். புதிதாக எஸ்டிமேட் போட வருகிறவர்கள் மேசையில் உட்கார்ந்தபடியே செய்கிற தவறுகள் வேறு.

பி.சி.யு.வை வைத்துக் கனம் முடிவு செய்வது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கார், பைக், ஆட்டோ எல்லாவற்றையும் பி.சி.யு.வில், அதாவது ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்கிற கணக்கில் கூட்டி, "நெரிசல் கம்மி, மெல்லிசாகப் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள். பி.சி.யு. காட்டுவது வண்டி அடைக்கிற இடத்தை. ரோட்டை உடைப்பது அச்சு எடை.

தார் ரோட்டுக் கனத்துக்கான இந்திய வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. 37 கணக்கில் இரட்டை டயர் ஒற்றை அச்சுக்கு அளவுகோல் சுமார் 8.16 டன். சேதம் எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த ஆஷோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சோதனையில் கிடைத்த தோராய விதி இது. அதன்படி 10.2 டன் அச்சு ஒருமுறை போனால் சுமார் 2.4 மடங்கு சேதம். எடை இரட்டித்தால் 16 மடங்கு. அரை டன் அச்சுக் கார்கள் நாளெல்லாம் ஓடினாலும் கணக்கில் ஒன்றுமில்லை.

ஓ.எம்.ஆர். பக்கம் அப்பார்ட்மென்ட் நிறைந்த ஓர் உள்தெரு. பஸ் கிடையாது. பகலில் எண்ணிவிட்டுப் போனார்கள். விடியற்காலையில் வரிசையாக வந்த தண்ணி லாரிகளை யாரும் எண்ணவில்லை. 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். அடுத்த மழைக்கு முன்பே சக்கரத் தடம் முழுக்க முதலைத்தோல் விரிசல். அதுவும் லாரி உள்ளே வருகிற பாதியில் மட்டும். காலியாகத் திரும்புகிற பாதி புதுசாகவே இருந்தது. ஃபைலில் "வேலைத் தரம் குறைவு" என்று எழுதி கான்ட்ராக்டர் தலையில் கட்டினார்கள். ஒரே நாளில், ஒரே கலவையில் போட்ட இரண்டு பாதிக்கு எப்படி இரண்டு தரம் வரும்?

பகலில் மட்டும் எண்ணுவது

லாரிக்குப் பகல்நேரத் தடை உள்ள ஊரில் பாரம் ராத்திரிதான் வரும்.

விரிசல் மேல் புதுத் தார்

கீழே இருக்கிற விரிசல் புது லேயரிலும் மேலேறிவிடும். முதலில் பெங்கல்மேன் பீமாவது வைத்து ரோடு எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். அடித்தளம் தொய்ந்திருந்தால் மேல் தாரைச் சுரண்டி எடுக்கிற மில்லிங் மட்டும் செய்து பயனில்லை, தோண்டித்தான் ஆக வேண்டும்.

பஸ் ஸ்டாப்பையும் வண்டி ஓடுகிற பாதையையும் ஒன்றாகப் பார்ப்பது

நிற்கிற பாரமும் வெயிலும் சேர்ந்தால் தார் நெளியும். அந்த நீளத்துக்கு மட்டும் கான்கிரீட் கேளுங்கள்.

கேபிள் வெட்டு

கேபிளுக்காக ரோட்டில் வெட்டிய பள்ளத்தை, மண்ணை லேயர் லேயராகக் கெட்டிக்காமல் மூடியிருந்தால், மேலே எத்தனை கனம் போட்டாலும் உட்காரும்.